செடி வாங்கும் முன் மாதத்தைப் பாருங்கள்: பூந்தோட்டத்தில் இரண்டு வருடம் நான் பட்ட பாடு

2022 மே மாதம் மூன்றாவது வாரம். கொடைக்கானலிலிருந்து மதுரைக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் காலடியிலும் பின் சீட்டிலுமாகப் பதினாறு செடிகள் இருந்தன. ஹைட்ராஞ்சியா நான்கு, ஃபுக்சியா மூன்று, பிகோனியா ஐந்து, ஜெரேனியம் இரண்டு, பான்சி இரண்டு. எல்லாமே பூத்துக் குலுங்கின. மொத்தம் 3,150 ரூபாய். அதற்கு முந்தைய வருடம்தான் என் கணவர் இறந்திருந்தார். பள்ளி வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன் என்று என் நாத்தனார் வலுக்கட்டாயமாக அழைத்துப் போயிருந்தாள். பிரையண்ட் பூங்காவில் பாத்தி பாத்தியாகப் பூத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவர் நினைவு வந்துவிட்டது. வீட்டு முன்னால் பூச்செடி வைக்க வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். கடன் அடைக்கும் ஓட்டத்தில் அது நடக்கவே இல்லை. இருபதடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள அந்த முன்பக்க மண்ணை இந்தச் செடிகளால் நிரப்பிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மலையிறங்கி வத்தலக்குண்டு வந்ததுமே அனல் அடித்தது. ஃபுக்சியா மூன்றும் அங்கேயே தலை தொங்கிவிட்டன. வீட்டுக்கு வந்து அன்று மாலையே எல்லாவற்றையும் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் நாள் ஃபுக்சியா போனது. அடுத்த வாரம் பான்சி. வாடுகிறதே என்று பயந்து ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் விட்டதில் பிகோனியாவின் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் அழுகி, தொட்டவுடன் கையோடு வந்தது. ஜெரேனியம் எப்போது செத்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. ஹைட்ராஞ்சியாவை மட்டும் ஜூன் கடைசி வரை படியோரம் நிழலில் வைத்துக் காப்பாற்றிப் பார்த்தேன். தினமும் காலையில் கதவைத் திறந்தவுடன் இன்றைக்கு எது போயிருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும். எதிர் வீட்டு அம்மா ஒரு நாள் வாசலில் நின்று, “சில பேருக்குக் கைராசி இருக்காது டீச்சர், விட்டுருங்க” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது பல நாள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. என் கை பட்டால் எதுவும் நிற்காதோ என்று நினைக்கிற மனநிலையில்தான் அப்போது நான் இருந்தேன்.

அதிலிருந்து என்னை வெளியே எடுத்தவர் எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் பூக்காரம்மா. நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பூ போடுகிற குடும்பம். காய்ந்த தொட்டிகளைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது மலைச் செடி. எங்க ஊர்ல இத யாரும் வைக்க மாட்டாங்க, நிக்காது” என்றார். அப்படியென்றால் இப்போது என்னதான் வைக்கலாம் என்று கேட்டேன். “இப்ப ஒண்ணும் வைக்காதீங்க. மண்ண வெட்டிப் போட்டு வெயில்ல காயவிடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்.” இதை ஏன் மே மாதத்துக்கு முன்பே யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று ஆதங்கமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் கணக்கு எளிது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மே மாதத்தில் அங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே நாளில் மதுரையில் 39, 40. அதைவிட முக்கியமானது இரவு. மலைச் செடிகளுக்கு இரவில் குளிர்ச்சி வேண்டும், மதுரையில் கத்திரி வெயில் நாட்களில் இரவிலும் 26, 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். பகலுக்கு நிழல் கொடுத்துவிடலாம், இரவுக்கு என்ன செய்வது? முப்பது வருடம் தமிழ் ஆசிரியையாக இருந்தவள் நான். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார்காலம் என்று நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு செடிக்கு அதன் நிலம், அதன் பொழுது என்று இரண்டும் உண்டு என்பது பாடமாகத் தெரிந்தும், பூவைப் பார்த்ததும் மறந்துபோனது. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு போகிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். மலையில் பூத்திருக்கும் செடியைக் கண்ணாரப் பாருங்கள், தொட்டியோடு வாங்கி வராதீர்கள்.

அந்த வருடம் ஜூலையில் விதைகளுக்குத் தாவினேன். இணையத்தில் குளிர்காலப் பூ விதைத் தொகுப்பு ஒன்று 1,480 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டுனியா, பான்சி, ஃபிளாக்ஸ், ஆஸ்டர், டயாந்தஸ், ஸ்வீட் பீ என்று பன்னிரண்டு பொட்டலம். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழியை நம்பி, ஆடி பிறந்த முதல் வாரமே எல்லாவற்றையும் ஒன்றாக விதைத்தேன். மதுரையில் ஆடி என்பது காற்றும் வெக்கையும்தான். பகலில் 36, 37 டிகிரி. பான்சியும் ஸ்வீட் பீயும் முளைக்கவே இல்லை. பெட்டுனியா விதை தூள் போல இருக்கும், அதன் மேல் அரை அங்குல மண்ணைப் போட்டு மூடியிருந்தேன். வெளிச்சம் பட்டால்தான் அது முளைக்கும் என்பது எனக்குத் தெரியாது. முளைத்த ஆஸ்டரும் டயாந்தஸும் இரண்டு இலை விட்டதும் அடித்தண்டு நூல் போல மெலிந்து, வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நாற்றழுகல் நோய் என்று அதற்குப் பெயர் இருப்பதை எல்லாம் செத்த பிறகு தெரிந்துகொண்டேன்.

பழமொழி பொய்யில்லை. ஆடிப் பட்டம் இந்த மண்ணுக்குப் பழகிய பயிர்களுக்காகச் சொன்னது. நான் விதைத்தவை குளிர்காலப் பூக்கள். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த விதைப் பொட்டலங்களின் பின்னால் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கவும் என்று போட்டிருக்கும். அது வட இந்தியாவை மனதில் வைத்து எழுதியது. அங்கே அக்டோபரில் மழை ஓய்ந்து, வறண்ட குளிர் தொடங்குகிறது. நமக்கு அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையே ஆரம்பிக்கிறது. பொட்டலத்தை நம்பி அக்டோபரில் திறந்த வெளியில் விதைத்தால் மழையில் விதை கரைந்துபோகும். இப்போது நான் செய்வது வேறு மாதிரி. குளிர்காலப் பூ விதைகளை அக்டோபர் முதல் வாரத்தில் குழித்தட்டில், கூரைக்குக் கீழே, மழைச்சாரல் படாமல், ஆனால் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் போடுகிறேன். பெரிய மழையெல்லாம் தணிந்த பிறகு, நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ வெளியே நடுகிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் நடுவரை பூக்கிறது. பெட்டுனியாவும் டயாந்தஸும் ஃபிளாக்ஸும் இந்தக் கணக்கில் மதுரையிலேயே நன்றாக வருகின்றன. பான்சியை இரண்டு முறை முயன்றுவிட்டு நிறுத்திவிட்டேன்.

நாற்றழுகலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிற பலர் அங்கேதான் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். நெருக்கமாக விதைப்பதும், எந்நேரமும் ஈரமாக வைப்பதும், காற்றோட்டம் இல்லாமல் மூடி வைப்பதும்தான் அதற்குக் காரணம். ஒரு குழிக்கு ஒரு விதை, அதிகம் போனால் இரண்டு. தோட்டத்து மண்ணை நாற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம். தென்னை நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து உப்பை எடுத்துவிட்டு, அதோடு நன்கு மக்கிய மண்புழு உரம் கால் பங்கும் அழுகலை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூளான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கைப்பிடியும் கலந்துகொள்கிறேன். டிரைக்கோடெர்மா உரக்கடையில் கிடைக்கும், பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டை ஒரு அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொள்ளும். மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். பெட்டுனியா போன்ற பொடி விதைகளை நனைந்த நார்க்கழிவின் மேல் தூவிவிட்டு அப்படியே விட வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது. இவ்வளவு செய்த பிறகு நூறுக்கு எழுபது எண்பது நாற்றாவது எனக்குத் தேறுகிறது.

சரி, 2022-க்கு வருகிறேன். விதையும் போனது என்றதும், தீபாவளிக்கு முன்பு ஒரு நர்சரிக்குப் போனேன். தொட்டி மூடப் பூத்த செவ்வந்தி, மஞ்சள் ஆறு, வெள்ளை ஆறு, ஒன்று 140 ரூபாய் வீதம் 1,680 ரூபாய். இதையாவது வீட்டில் பூத்த பூ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை. அக்டோபர் 24 தீபாவளியன்று வாசல் நிறைந்து இருந்தது, என் கணவர் படத்துக்கும் அதிலிருந்துதான் பறித்துப் போட்டேன். நவம்பர் மழையில் பூவெல்லாம் தண்ணீரைக் குடித்துப் பழுப்பேறி அழுகின. பூவிலிருந்து தண்டுக்கும் இறங்கியது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், நர்சரியில் கட்டியிருந்த களிமண் உருண்டை அப்படியே கல் மாதிரி இருந்தது. மழையில் அந்த உருண்டை ஊறி ஊறி, வேருக்குக் காற்றே போகவில்லை.

செடி வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். முழுதாகப் பூத்த செடி தன் வேலையை முடித்துவிட்டது. நீங்கள் பணம் கொடுப்பது அதன் கடைசிப் பத்து நாளுக்கு. மொட்டு நிறைய, ஒன்றிரண்டு பூ மட்டும் விரிந்த செடியை எடுங்கள், நிறம் தெரிய அது போதும். தொட்டியை லேசாகச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பு வேர் சுற்றிச் சுற்றி வெளியே வந்திருந்தால் அது பழைய சரக்கு. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், அசுவினியும் மாவுப்பூச்சியும் அங்கேதான் இருக்கும். எங்கேயிருந்து வந்த செடி என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஓசூர், பெங்களூருப் பக்கத்துப் பசுமைக்குடிலில் வளர்ந்ததா, ஆந்திராவின் கடியம் பக்கத்து நர்சரிகளிலிருந்து லாரியில் வந்ததா, உள்ளூரிலேயே போட்டதா என்பதைப் பொறுத்து அது நம் வெயிலுக்குப் பழக எடுக்கும் நாள் மாறும். வெளியூர்ச் செடியை வாங்கி வந்த அன்றே மாற்றி நடாமல் ஒரு வாரம் பாதி நிழலில் வைத்துவிட்டு நடுங்கள். களிமண் உருண்டையாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுபடாமல் வெளிப்பக்க மண்ணைக் கொஞ்சம் கரைத்துவிட்டு நட வேண்டும்.

நடுவில் இன்னும் இரண்டு தவறுகள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயில்தான் எதிரி என்று நினைத்து மாடியில் 1,900 ரூபாய்க்கு 75 சதவீத நிழல்வலை போட்டேன். அதன் கீழே எல்லாம் ஒல்லியாக உயரமாக வளர்ந்தன, பூக்கவில்லை. பருவப் பூச்செடிகளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். ஏப்ரல், மே தவிர எங்கள் ஊரில்கூட அவற்றுக்கு வலை தேவையில்லை, அப்போதும் 50 சதவீத வலையே போதும். இன்னொன்று தண்ணீர். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று செடிகளுக்கு ஊற்றிவந்தேன். எங்கள் போர்த் தண்ணீரே உப்பு, அந்த உப்பெல்லாம் திரண்டு வெளியே வருவதுதான் கழிவு நீர். இலை ஓரமெல்லாம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது. அந்தத் தண்ணீரைக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள். மழைநீரைப் பிடித்து வைத்தால் நாற்றுகளுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அழுகிப்போன பன்னிரண்டு செவ்வந்தியில் ஐந்து மட்டும் எப்படியோ பிழைத்தன. பூத்து முடிந்த தண்டுகளைத் தரையோடு வெட்டிவிடுங்கள், அடியிலிருந்து கன்று வரும் என்று பூக்காரம்மா சொன்னார். அப்படியே வந்தது. 2023 மார்ச்சில் அந்தத் தூர்க்கன்றுகளைப் பிரித்துப் பதினெட்டுச் செடியாக்கினேன். கோடையில் நிழலில் வைத்துக் காப்பாற்றி, ஜூனிலும் ஜூலையிலும் இரண்டு முறை நுனி கிள்ளி, பக்கக் கிளைகள் நிறைய வரச் செய்தேன். பத்தைத் தெருப் பக்க மதில் ஓரமாக வைத்தேன், இடம் போதாததால் எட்டைப் பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தருகே. செப்டம்பர் கடைசியில் பின்கட்டுச் செடிகளில் மிளகு மிளகாக மொட்டுத் தெரிந்தது. தெருப் பக்கச் செடிகள் அவற்றைவிடச் செழிப்பாக, கரும்பச்சையாக இருந்தன, ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. ஒரே தாய்ச்செடியின் கன்றுகள், ஒரே மண், ஒரே உரம். வெயிலும் தெருப் பக்கம்தான் அதிகம். வாழைப்பழத்தோல் தண்ணீர், மீன் அமிலம், எலும்புத்தூள் என்று யார் என்ன சொன்னாலும் போட்டேன். இன்னும் பச்சையாக வளர்ந்ததே தவிர மொட்டு இல்லை. மறுபடியும் அந்தக் கைராசி என்ற சொல் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

என்னோடு வேலை பார்த்த தாவரவியல் ஆசிரியையிடம் போனில் புலம்பினேன். அவர் உரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “தெரு விளக்கு எங்க இருக்கு?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வருடம் சித்திரையில்தான் எங்கள் மதிலுக்கு நேரே இருந்த பழைய மஞ்சள் விளக்கை மாற்றி வெள்ளை எல்இடி போட்டிருந்தார்கள். இரவெல்லாம் மதில் ஓரம் பேப்பர் படிக்கும் அளவுக்கு வெளிச்சம். செவ்வந்தி இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டுவிடும் செடி. அது இரவின் நீளத்தை அளந்து பருவத்தைத் தெரிந்துகொள்கிறது. தொடர்ந்த இருட்டு போதுமான நேரம் கிடைக்காவிட்டால், இன்னும் கோடைகாலம்தான் என்று இலை விட்டுக்கொண்டே இருக்கும். கார்னர், அலார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1920-இல் புகையிலைச் செடியை வைத்து இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள் என்று அவர் சொன்னார். மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம், அந்தச் சின்ன வித்தியாசத்தையும் செடி கண்டுகொள்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பசுமைக்குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள், பூ முன்னதாக வந்துவிடாமல் இருக்க வேண்டுமென்றே இரவில் விளக்கு போடுவார்களாம். என் மதில் ஓரத்தில் தெரு விளக்கு அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

அக்டோபர் முதல் வாரம் பத்துத் தொட்டிகளையும் ஆள் வைத்துப் பின்கட்டுக்கு மாற்றினேன். பின் கதவு விளக்கையும் இரவில் அணைத்துவிடத் தொடங்கினேன். நான்கு வாரத்தில் மொட்டு தெரிந்தது. டிசம்பர் நடுவில், மார்கழி பிறக்கும் சமயம், பூத்தன. இந்த முறை ஒரு பூகூட அழுகவில்லை. மார்கழி முதல் நாள் காலையில் கோலம் போட்டுவிட்டு, நானே வளர்த்த செவ்வந்தியைப் பறித்து நடுவில் வைத்தபோது அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. தொட்டிகளை நகர்த்த முடியாதவர்கள் கறுப்புத் துணியால் மாலை ஆறு மணிக்கு மூடிக் காலை ஏழுக்குத் திறக்கலாம், மொட்டு நன்றாகத் தெரியும் வரை தினமும் தவறாமல். கிறிஸ்துமஸுக்கு இலை சிவக்கும் பாயின்செட்டியாவுக்கும் இதே குணம்தான், விளக்கடியில் வைத்தால் பச்சையாகவே இருக்கும்.

ஆடிப் பட்டத்துக்கு உரிய பூக்களை 2023-இல்தான் சரியாகக் கற்றேன். செண்டுப்பூவும் காசித்தும்பையும் கோழிக்கொண்டையும் அந்தப் பட்டத்துக்காகவே பிறந்தவை. பூக்காரம்மா வீட்டில் ஆயுத பூஜையிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணுகிறார்கள். செண்டு நாற்று நடவுக்கு வர ஒரு மாதம், நட்டுப் பூப்பறிக்க இரண்டு மாதம், ஆக மூன்று மாதம். ஆயுத பூஜை 2023-இல் அக்டோபர் 23, 2024-இல் அக்டோபர் 11, 2025-இல் அக்டோபர் 1. பண்டிகை நகர நகர விதைக்கும் நாளும் நகர்கிறது. 2023-இல் ஜூலை 20 வாக்கில் விதைத்தது சரியாக வந்தது, 2025-க்கு ஜூன் கடைசியிலேயே விதைத்துவிட்டேன். நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி குத்தாகப் படர்ந்து நிறையப் பூக்கும். கிள்ள மனம் வராமல் முதல் முறை விட்டுவிட்டேன், ஒற்றைத் தண்டாக நின்று காற்றில் ஒடிந்தது. காசித்தும்பைக்கு நாற்றுவிடும் சிரமமும் இல்லை. விதையை நேராக மண்ணில் போட்டு, இரண்டு மாதத்தில் பூ. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வருடம் இந்த மூன்றை மட்டும் வைத்தால் போதும் என்பது என் கருத்து. கடையில் கண்ணைப் பறிக்கும் பெட்டுனியாவெல்லாம் இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கோடைக்கும் பூக்கள் உண்டு. வாடாமல்லி, ஜினியா, டேபிள் ரோஸ் என்கிற பத்துமணிப் பூ, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கும் காஸ்மாஸ், நித்தியகல்யாணி இவையெல்லாம் மே வெயிலைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் வெயில் ஏறிய பிறகு விதைக்கக் கூடாது, பிப்ரவரி முதல் வாரத்துக்குள் விதைத்து வேர் இறங்கியிருக்க வேண்டும். ஜினியாவுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினால் இலைப்புள்ளி நோய் வரும், தூரில் மட்டும் ஊற்றுங்கள். மதுரையில் இருந்துகொண்டு மல்லிகையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது பருவச் செடி இல்லை, பல வருடம் நிற்பது, ஆனால் பூப்பதற்குப் பருவம் உண்டு. தங்கச்சிமடத்துக் கன்று இரண்டு முன்பக்கம் வைத்திருக்கிறேன். நவம்பர் கடைசி வாரம் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுகிறேன். வெட்டியதும் பார்க்கவே பாவமாக இருக்கும். மார்ச்சில் புதுத் தளிரோடு மொட்டுக் கட்டி, ஜூன் வரை தலைக்கும் சாமிக்கும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பூக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மலைச் செடி 3,150, விதை 1,480, தீபாவளிச் செவ்வந்தி 1,680, நிழல்வலை 1,900, தொட்டி, பை, நார்க்கழிவு, உரம் எல்லாம் சேர்ந்து 4,200. ஆக முதல் எட்டு மாதத்தில் 12,410 ரூபாய். அதில் இன்றைக்கும் பயன்படுவது தொட்டிகள் மட்டும். போன வருடம் முழுவதற்கும் எனக்கு ஆன செலவு 2,000 ரூபாய்க்கும் கீழே, ஏனென்றால் காசித்தும்பை, வாடாமல்லி, ஜினியா, கோழிக்கொண்டை விதைகளை நானே எடுத்து வைக்கிறேன். காசித்தும்பைக் காயை வெடிக்கும் முன்பும், மற்றவற்றைப் பூ செடியிலேயே காய்ந்த பிறகும் பறித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டுப் பெயரும் மாதமும் எழுதி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஹைப்ரிட் செண்டுவிலிருந்து எடுத்த விதை மட்டும் தாயைப் போல வராது, அதற்கு நர்சரியில் குழித்தட்டு நாற்றாக வாங்கிவிடுகிறேன்.

இந்தத் தேதிகளெல்லாம் மதுரைக்குச் சரி. சென்னையில் இருப்பவர்களுக்கு நவம்பர் மழை எங்களைவிடப் பலம், புயலும் டிசம்பர் வரை வரும், அதனால் குளிர்காலப் பூ நாற்றை வெளியே நடுவதை டிசம்பர் பாதிக்குத் தள்ளுங்கள். நாகர்கோவில் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும், அங்கே ஜூன், ஜூலையிலும் நாற்றுக்குக் கூரை வேண்டும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு எங்களைவிடக் குளிர்ச்சி அதிகம், பெட்டுனியா இன்னும் சில வாரம் கூடுதலாக நிற்கும் என்று அங்கிருக்கும் என் தங்கை சொல்கிறாள். ஒரு பழைய நோட்டில் எந்த நாள் விதைத்தேன், எந்த நாள் முளைத்தது, முதல் பூ எப்போது, எந்த மழையில் எது போனது என்று இரண்டு வருடம் எழுதி வந்ததில்தான் என் தேதிகள் கிடைத்தன. உங்கள் ஊர்த் தேதிகள் அப்படி எழுதினால்தான் கிடைக்கும். அதுவரைக்கும், உங்கள் தெருவுக்கு வருகிற பூக்காரரிடம் இந்த மாதம் உங்கள் பக்கம் என்ன விதைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு விதையுங்கள்.